ஆஸ்பர்ட்டின் முறை

விடிவதற்குள் ஆஸ்பர்ட் செத்துப்போனான்.

அவன் மனைவி ஹாவிஸ் அழுகை வெளியே கேட்காதபடி தன் அங்கியின் நுனியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது.

இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு குடியானவன் செத்தால் அவன் வீட்டு மாடுகளில் சிறந்தது பிரபுவுக்குப் போகும். இந்த வீட்டில் சிறந்தது எது என்று பார்த்துப் பிரிக்க ஒன்றுமில்லை. ராஜாவின் தலைவரிக்காகக் குளிர்காலத்திலேயே பசுவை விற்றாயிற்று. மிச்சம் ஒரே ஒரு எருது.

அதைப் பக்கத்து வீட்டு ஹேமோவின் எருதோடு ஜோடி சேர்த்து இன்று உழ வேண்டும். உழுது, பார்லி விதைத்து, மண் மூடிவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குக் கஞ்சி உண்டு. ஒரு பகல் போதும்.

அப்பா அசந்து தூங்குகிறார் என்று சொல்லி, மகள் மேபலை எருதோடு வயலுக்கு அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் பண்ணைக் காரியக்காரர் தர்ஸ்டன் வந்து வாசலில் குரல் கொடுத்தார். பிரபுவின் வயலில் மண்கட்டி உடைக்க இன்று ஆஸ்பர்ட்டின் முறை. ஏன் வரவில்லை?

காய்ச்சல் என்றாள் ஹாவிஸ்.

கொள்ளைநோயில் தன் குடும்பத்தில் பாதியைப் புதைத்தவர் தர்ஸ்டன். சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

“உசுரு இருக்குல்ல? உசுரு இருந்தா வேலையும் இருக்கு. அவனுக்கு முடியலன்னா எருத அனுப்பு. அதுவும் இல்லன்னா நீ வா.”

செத்துவிட்டான் என்றால் எருது போகும். இருக்கிறான் என்றால் ஆள் போக வேண்டும்.

“நானே வர்றேங்க,” என்றாள்.

உள்ளே வந்து போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஒரு கண் சரியாக மூடவில்லை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டு மரச்சுத்தியோடு கிளம்பினாள்.

பகல் முழுக்க அவனுடைய முறைக்கு அவள் கட்டி உடைத்தாள். எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களிடம் தேவலை என்றாள். பெண்டாட்டியை வெயிலுக்கு அனுப்பிவிட்டுத் துரை மெத்தையில் கிடக்கிறாராக்கும் என்று ஒருத்தி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஹாவிஸும் சிரிக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த ஊரே திரண்டு பிரபுவின் பண்ணை வீட்டுக்குத் தீ வைத்தது. விசாரிக்க வந்தவர்களிடம், இதுகளுக்கு என்ன குறை என்றே தெரியவில்லை என்று தர்ஸ்டன் சொன்னார். ஆனால் ஆஸ்பர்ட் செத்த அன்று எல்லோரும் குனிந்து கட்டி உடைத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் ஹாவிஸ் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எருதை நாளைக்கு ஓட்டிப் போவார்கள். போகட்டும். பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

கதவு திறந்திருந்தது. முழங்கைவரை அப்பிய சேற்றோடு மேபல் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஹாவிஸ் வாயைத் திறந்தாள்.

“எனக்குக் காலைலயே தெரியும்மா,” என்றாள் மேபல். “விதைய மூடியாச்சு. இனி அழலாம்.”