ஏரி நடுவில் வீடு

எங்கள் ஊர் வரைபடத்தைச் செல்போனில் சம்பளமில்லாமல் வரைந்துகொடுக்க ஒரு குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற சலிப்பில் நானும் போய்ச் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர் முதலில் தன் வீட்டைக் குறிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். விரல் நடுங்கியதில் என் வீடு ஏரி நடுவில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் எபினேசர், "அருமை சார்" என்று டீ கொடுத்தார்.

சாயங்காலம் திரும்பினால், பக்கத்து வீடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் இருந்த என் வீட்டைக் காணோம். தெரு மாறிவிட்டேனோ என்று முனை வரை போய்ப் பார்த்தேன். தெரு சரிதான். மனைவி செண்பகவல்லிக்குப் போன் போட்டேன்.

"சீக்கிரம் வாங்க. வாசல் பூராத் தண்ணி. படியில கெளுத்தி மீன் துள்ளுது" என்றாள்.

எபினேசரைக் கூப்பிட்டு, "தப்பாக் குறிச்சுட்டேன், மாத்துங்க தம்பி" என்றேன்.

"புது ஆள் போட்டதை நாங்க தொட மாட்டோம் சார். மனசு நொந்துடும்ல?"

"அப்ப நானே மாத்திடறேன்."

"பழைய ஆளுங்கதான் மாத்தலாம் சார்."

"நான் எப்பய்யா பழைய ஆளாவேன்?"

"இன்னொரு புது ஆள் வந்து சேர்ந்ததும்."

ஏரிக்கரைக்கு ஓடினேன். தண்ணீர் நடுவே எங்கள் வீட்டு டியூப்லைட் எரிந்தது. கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினேன்.

"அண்ணாச்சி, உங்க வீடு எங்க இருக்குன்னு இதுல தொட்டுக் காட்டுங்க, பார்ப்போம்."

அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.