சத்தமில்லாத டிஸ்க்

"சத்தமே வரக்கூடாது. மத்தபடி எது கொடுத்தாலும் சரி," என்றார் பெரியவர்.

பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை அது. பெரியவர் கொண்டுவந்த கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. கீபோர்டும் பெட்டியும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும், டிவியில் இணைத்துப் பார்க்கும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். அதன் ஹார்டு டிஸ்க் உயிரை விட்டிருந்தது.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

"இது பழைய டிஸ்க். உங்க மிஷினுக்குன்னே பிறந்தது. ஆனா ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் மாவு மில்லுக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது மெமரி கார்டு. உள்ளே சுத்தறதுக்கு ஒண்ணும் கிடையாது. மூச்சு விடாது."

"மூச்சு விடாததையே மாட்டுங்க."

"சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா சார்?"

"எனக்கென்ன? எனக்குக் காதே பாதிதான். மருமகளை நினைச்சுச் சொல்றேன்."

பெரியவர் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது, யாரும் கட்டப்போகாத வீடுகளை அந்தக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்கிறார்.

"ஒரு தடவை கரண்ட் போய் ஒரு மாடியே காணாமப் போச்சு. அதிலிருந்து ஒரு கோடு போட்டா ஒரு தடவை சேமிச்சுடுவேன். ஒவ்வொரு தடவையும் கரகரன்னு கத்தும். அடுத்த அறையிலதான் மருமக உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கறா. பாவம், நாள் பூரா இந்தக் கச்சேரி."

"திட்டுவாங்களா?"

"திட்டினா நிம்மதியா இருக்குமே. வாயே திறக்க மாட்டா. போன வாரம் டிஸ்க் நின்னு போச்சா, அடுத்த நிமிஷம் ஓடி வந்து கதவைத் திறந்தா. 'என்னாச்சு மாமா?'ன்னா. டிஸ்க் போயிடுச்சும்மான்னு சொன்னேன். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, முகத்துல அவ்வளவு நிம்மதி. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இத்தனை நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கா."

கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, நாளை மாலை வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு பெண் வந்தாள். பெரியவரின் மருமகள்.

"மாமா கம்ப்யூட்டருக்குக் கார்டு மாட்டிட்டீங்களா?"

"இப்பத்தாம்மா கையில எடுத்திருக்கா," என்று கடைக்காரர் மூலையைக் காட்டினார். அங்கே அவர் மனைவி கார்டும் திருப்புளியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டாதீங்க. பழைய டிஸ்க்கே போடுங்க. கார்டு பொருந்தலைன்னு மாமாகிட்டச் சொல்லிடுங்க."

கடைக்காரர் முகம் சுருங்கியது. "நல்லாவே பொருந்தும்மா. பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்டார். அதுவும் உங்களுக்காக."

"தெரியும். டிஸ்க் இருக்கா, இல்லையா?"

"எடுத்துத்தான் காட்டுங்களேன். கேக்கறாங்கல்ல," என்றாள் மனைவி. குரலில் காரம் இருந்தது.

கடைக்காரர் ஒரு டிஸ்கை இணைத்து, எதையோ சேமித்துக் காட்டினார்.

"இது ரொம்ப அமைதியா இருக்கே. இதைவிடச் சத்தமா வேற இருக்கா?"

இன்னொன்றை எடுத்தார். அதற்கும் அவள் தலையாட்டவில்லை. கடைசியில், யாரும் வாங்காமல் அடியில் கிடந்த ஒன்றை இணைத்தார். மேசையே அதிர்ந்தது. அவள் தெருவில் இறங்கி, கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, கதவில் காதை வைத்துக் கேட்டாள். திரும்பி வந்து, "இதையே போடுங்க," என்றாள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, மாமனார் இருமினாலே சண்டைக்குப் போற மருமகளைப் பார்த்திருக்கேன். சத்தத்தைத் தேடி வந்து வாங்கற மருமகளை இப்பத்தான் பார்க்கறேன். 'இந்த மனுஷனால எனக்கு எவ்வளவு தொல்லை பாருங்க'ன்னு புருஷன்கிட்டக் காட்டறதுக்கா?"

அவள் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாருக்கா. தனியா விடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். கூடப் போய் உட்கார்ந்தா, 'நான் என்ன கைதியா, காவலுக்கு ஆள் போட?'ன்னு வெளியே அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்கறார். கேமரா வைக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொன்னதுக்கு ஒரு வாரம் எங்ககூடப் பேசலை."

"அதுக்கும் டிஸ்குக்கும் என்ன?"

"அந்தக் கரகர சத்தம் வந்துக்கிட்டே இருந்தா, மாமா கோடு போட்டுக்கிட்டு இருக்கார்னு நானும் என் வேலையைப் பார்ப்பேன். சத்தம் நின்னா ஓடுவேன்."

கடைக்காரரின் மனைவி கையிலிருந்த கார்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"இதை அவர்கிட்டயே சொல்லிடலாமேம்மா. அவரே டிஸ்க் போதும்னு சொல்லிடுவாரே."

"ஐயோ, சொல்லவே கூடாதுக்கா. நான் பயந்துடுவேனேன்னு, தலை சுத்தினாக்கூட எனக்காக இன்னொரு கோடு போட்டுட்டுத்தான் விழுவார்."