மொட்டுத் தோட்டத்தின் கடைசி டிக்கெட்

அந்த மலைத்தோட்டத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் பூக்கள் விரியும். ஊழியர்கள் போனால் மொட்டாகவே நிற்கும். கூட்டம் குறைந்து, நட்டம் தாங்காமல் இன்றோடு மூடுகிறார்கள். மாலைவரை ஒருவரும் வரவில்லை.

"உள்ள போய்ப் பாருங்க, சொன்னா நம்பமாட்டீங்க" என்று கவுன்டரில் இருபது வருடம் கிளிப்பிள்ளை போலச் சொல்லிவந்த ஃபிலோமினாவுக்குக் காசு கொடுத்துப் பார்க்க ஒருநாளும் மனசு வந்ததில்லை. இன்று தனக்கே ஒரு டிக்கெட் கிழித்துக்கொண்டாள்.

அவள் கால் வைத்ததும் மலைச்சரிவு முழுவதும் அவளுக்காக விரிந்தது. திரும்பிய பக்கமெல்லாம் நிறம் ஓடியது.

வெளியே வந்தவளைப் பார்த்து வாட்ச்மேன் போஜன் பதறினார். "ஏம்மா அழுகற? உள்ள அப்படி என்னதான் இருக்கு?"

அவளுக்கு அந்தப் பழைய வரிதான் வந்தது. "உள்ள போய்ப் பாருங்கண்ணே. சொன்னா நம்பமாட்டீங்க."

போஜன் ஆளில்லாத வரிசைக் கம்பிகளுக்குள் நுழைந்து, கவுன்டர் முன்னால் போய் நின்றார்.