தம் கட்டியவர்
சித்திரபுரத்து விடுதி நீச்சல்குளத்தில் ஸ்கூபா பழகும் சிவப்பிரகாஷ் மறுபடியும் தக்கை மாதிரி மேலே வருகிறார். வடகரப்பதியில் இருபதடிக் கிணற்றில் முங்கி அடிமண்ணை அள்ளி வந்தவரை இந்த எட்டடித் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. "இன்னொரு ஈயக்கட்டி போடுங்க அம்மிணி!" பயிற்சி தரும் மோனிஷா, காலையில் அவர் அடம்பிடித்துச் சேர்த்த கட்டியையும் இடுப்புப் பட்டையிலிருந்து கழற்றுகிறாள். "எடை போதும்ணே. கிணத்துப் பழக்கத்துல நீங்க தம் கட்டுறீங்க, அந்தக் காத்துதான் மேல தூக்குது. இதுல கட்டவே கூடாது, நுரையீரல் கிழிஞ்சிரும்." இன்று இறங்காவிட்டால் நாளை கடல் இல்லை. காற்றுக் குழாயைக் கடித்து, மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்றி, "கூடாதாமில்ல!" என்று ஆத்திரம் தீரத் தண்ணீருக்குள் கத்துகிறார். குமிழிகள் பொங்கி மேலே போகின்றன. வெயில் வலை ஆடும் நீலத் தரையை அவர் முழங்கால் தொடுகிறது.