கரடி ஏறும், காளை இறங்கும்

“நல்லா கேட்டுக்கோ. கம்பெனி புதுசா விக்கிற ஷேரை நேரா அவங்ககிட்டயே வாங்கினா, அது இரண்டாம் நிலைச் சந்தை. அதையே நாம இன்னொருத்தருக்குக் கைமாத்திவிட்டா, முதல்நிலைச் சந்தை. புரியுதா?”

“சரிங்க” என்றாள் மனைவி, கட்டிலில் சாய்ந்தபடி.

“என்ன சரி? எதைச் சொன்னாலும் மண்டையை மண்டையை ஆட்டு!” பெரியவர் பேப்பரை மடியில் ஓங்கித் தட்டினார்.

மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் அவளுக்கு இன்றுதான் முதல் நாள். வந்ததிலிருந்து இதே கூத்துதான்.

“சரி, இதைக் கேளு. விலை ஏறிக்கிட்டே போனா கரடிச் சந்தை. இறங்கிக்கிட்டே போனா காளைச் சந்தை. எங்கே சொல்லு, காளை என்ன பண்ணும்?”

“இறங்கும்.”

“இறங்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லு!”

“நீங்கதானே சொன்னீங்க...” அவள் மிரண்டுபோய்ப் போர்வை நுனியைத் திருகினாள்.

“நான் சொன்னா? உனக்குன்னு புத்தி கிடையாதா?”

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நீங்க சொல்றதே தலைகீழ். காளைன்னா ஏறும், கரடின்னா இறங்கும். கம்பெனிகிட்ட நேரா வாங்குறதுதான் முதல்நிலை. என் தம்பி இதுல கையைச் சுட்டுக்கிட்டவன், அதனால எனக்கே அத்துப்படி. தப்பு உங்க மேல, திட்டு மட்டும் அவங்களுக்கா?”

“நீ சும்மா இரும்மா!”

“எப்படிச் சும்மா இருக்கிறது? பக்கவாதம் வந்து இப்பதான் தேறிக்கிட்டு வர்றாங்க. இந்த நேரத்துல ஷேர் மார்க்கெட் ரொம்ப முக்கியமா? நிம்மதியா ரெண்டு வாய் கஞ்சி குடிக்க விடுங்க.”

பெரியவர் விருட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். வெந்நீர் எடுக்கப் பின்னாலேயே வந்த நர்ஸ், இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

“எது சரின்னு எனக்கும் தெரியும்மா” என்றார் தணிந்த குரலில். “எல்லாம் அவ சொல்லிக்கொடுத்தது. காலேஜ்ல அவ நடத்தின பாடமே இதுதான். நான் ஒரு வார்த்தை பிசகிட்டா போதும், விருந்தாளி முன்னாடின்னுகூடப் பார்க்காம பாதியிலேயே வெட்டித் திருத்துவா. ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிவந்த நாளா தப்புத் தப்பாவே உளறிப் பார்க்கிறேன், பாவி இன்னும் ஒரு தடவைகூட என்னைத் திட்டலையே!”