இரண்டு ஓம்

2007 மாசியில், பீலெஃபெல்டில், மனிதகுலத்துக்கு எதிரான குற்ற விசாரணை ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளன். சந்தேகநபர் ஊரில் எங்கள் பக்கத்து முன்னாள் விதானையார். விதானையார் என்றால் கிராம அதிகாரி, எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆம் என்று ஜெர்மன் அதிகாரிக்கு விளக்கினேன்.

சாட்சி இமெல்டா சொன்னார்:

"விதானையார் பதிவைப் பாத்துப் பேர் கூப்பிட்டவர். ஓம் எண்டு சொன்ன ஆக்களை பஸ்ஸிலை ஏத்தினவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை. என்ரை பேரையும் கூப்பிட்டவர், அண்ணை. எனக்கு அப்ப கைப்பிள்ளை. தங்கச்சி ரீற்றா எனக்கு முந்தி ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஏறிட்டாள்."

மறுநாள் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதினேன். தொடக்கத்தில், வழக்கம்போல, அதிகாரி சாட்சியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். ஓர் இளம்பெண்ணின் குரல் "ஓம்" என்கிறது. அதன் பிறகுதான் இமெல்டா செருமிக்கொண்டு "ஓம்" என்கிறார். அன்று அந்த அறையில் வேறு பெண் யாரும் இல்லை.

கேட்டதை விடாமல் எழுதவேண்டும் என்பது விதி. இரண்டையும் எழுதினேன்.

கையொப்பமிட வந்த இமெல்டா அந்த முதல் "ஓம்" மீது விரலை வைத்தார்.

"இந்த முறையாவது நான் முந்திச் சொல்லுவம் எண்டு இருந்தனான், அண்ணை."