உனக்குக் கேட்டுச்சா?

அறவாழி மாத்திரை எதுவும் இல்லாமலே குணமானவன். ஆளில்லாத குரல் கேட்கும்போதெல்லாம் மனைவியிடம், "வேணி, உனக்குக் கேட்டுச்சா?" என்பான். "இல்லைங்க" என்பாள். அவளுக்குக் கேட்காததை அவனும் விட்டுவிடுவான். ஒன்பது வருடத்தில் குரல்கள் ஓய்ந்தன.

போன வாரம் வேணியின் அலுவலகத்தில் எல்லோருடைய காதுக்குள்ளும் 'துணைக்குரல்' என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். பொருத்தியவருக்கு மட்டுமே கேட்கும்படி அது யோசனை சொல்லும். அறவாழியிடம் அந்தக் கருவி இல்லை.

இன்று மாலை, பள்ளியிலிருந்து வந்த மகள் கதவைத் தட்டினாள். வேணி தாழ்ப்பாளைத் தொட்டாள்.

"திறக்காதே. அது உன் பொண்ணு இல்ல."

அறவாழிக்கு நன்றாகத் தெரிந்த பழைய குரல். "வேணி, உனக்குக் கேட்டுச்சா?" என்றான்.

"என் காதுக்குள்ள கேட்டுச்சுங்க. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வெளியே மகள் மறுபடியும் தட்டினாள். இரண்டு பேரும் நகரவில்லை.